தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டர் ஒன்றில் உலாவியை மாற்றிய முடிவு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு பிரவுசிங் சென்டர், தன் கணினிகளில் உள்ள உலாவியைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதா வேண்டாமா என்று 2023 செப்டம்பரில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது, பிறகு என்ன நடந்தது என்பதை, அக்கடையின் கணினிகளையும் பிரிண்டரையும் பராமரித்து வருபவன் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன். இதே நிலையில் உள்ள சிறு கடைகள் வடசென்னையில் ஏராளம் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்வது பயன்படும் என்று நம்புகிறேன்.

கடையில் உரிமையாளரும், முழு நேரம் வேலை பார்க்கும் பெண் ஒருவரும், மாலையில் மட்டும் வரும் கல்லூரி மாணவர் ஒருவரும் இருக்கின்றனர். தடைக்கால நிவாரணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்க்க வரும் காசிமேட்டு மீனவக் குடும்பத்தினர், பி.எஃப். பணத்துக்கு விண்ணப்பிக்க வரும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர்கள், டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் பதிவு செய்ய வரும் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி இளைஞர்கள், கைரேகை வைத்துப் பணம் எடுக்க வரும் முதியவர்கள் ஆகியோரே இக்கடையின் வாடிக்கையாளர்கள். மின்கட்டணம், வில்லங்கச் சான்று, பாஸ்போர்ட் விண்ணப்பம், ரயில் டிக்கெட், தமிழில் மனு தட்டச்சு ஆகியவையும் நடக்கும். இவர்களில் பெரும்பாலோர் தங்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து, மேசையில் வைத்து, "நீங்களே போட்டுடுங்க" என்று சொல்பவர்கள்.

அப்போது இருந்த நான்கு கணினிகளும் ரிட்சி தெருவில் பழையனவாக வாங்கப்பட்டவை. நான்கிலும் விண்டோஸ் 7, குரோம் உலாவி. மூன்றில் 4 ஜி.பி. நினைவகம் இருந்தது, தமிழ் தட்டச்சுக்கென ஒதுக்கப்பட்ட நான்காவதில் 2 ஜி.பி. மட்டுமே.

எப்படித் தொடங்கியது

என்னை அழைத்தது உலாவியை மாற்றுவதற்கு அன்று. குரோமைத் திறக்கும்போதெல்லாம் மேலே ஒரு பட்டை தோன்றி, இனி வரும் குரோம் பதிப்புகளைப் பெற விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது தேவை, இந்தக் கணினியில் இருப்பது விண்டோஸ் 7 என்று அறிவித்துக்கொண்டிருந்தது. பணியில் இருந்த பெண் பல மாதங்களாக அதன் ஓரத்திலிருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். "அந்தப் பட்டையை மட்டும் வராம பண்ணிடுங்க சார், கஸ்டமர் பாத்துட்டு என்னான்னு கேக்குறாங்க" என்பதுதான் உரிமையாளரின் கோரிக்கை. குரோமின் நிர்வாக அமைப்புகளில் அந்த அறிவிப்பை அடக்கி வைக்க வழி உண்டு. சில நிமிட வேலை. அதைச் செய்வதற்கு முன் அந்தப் பட்டை எதைச் சொல்கிறது என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

விண்டோஸ் 7-க்கான வழக்கமான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. நிறுவனங்கள் பணம் கட்டிப் பெற்றுவந்த கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களும் 2023 ஜனவரி 10 அன்று நின்றன. அதையொட்டி, விண்டோஸ் 7-இல் இயங்கும் கடைசிப் பதிப்பாக குரோம் 109 அமைந்தது; 2023 பிப்ரவரி 7 அன்று வந்த 110 முதல் விண்டோஸ் 10 கட்டாயமாயிற்று. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவிக்கும் 109-தான் எல்லை. குரோம் 2021 முதல் நான்கு வாரத்துக்கு ஒரு பெரும்பதிப்பு வெளியிட்டு வந்ததால், செப்டம்பருக்குள் 116-ஐ எட்டியிருந்தது. கடையின் கணினிகள் 109-இலேயே நின்றிருந்தன.

இதே நாட்களில்தான் வெப்பி (WebP) என்ற பட வடிவத்தைப் படிக்கும் நிரல் தொகுப்பில் இருந்த ஒரு கடுமையான பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. ஆப்பிளின் பாதுகாப்புப் பிரிவும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடமான சிட்டிசன் லேபும் அதை செப்டம்பர் 6 அன்று கூகுளுக்குத் தெரிவித்தன. செப்டம்பர் 11 அன்று குரோம் 116-க்கு அவசரத் திருத்தம் வந்தது. மறுநாளே பயர்பாக்ஸும் திருத்தம் வெளியிட்டது. அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் தாக்குதல் நடைமுறையில் இருக்கிறது என்று கூகுளே அறிவித்திருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, பயனர் எதையும் இறக்கவோ அழுத்தவோ வேண்டியதில்லை என்பது. தீய நோக்கத்துடன் செய்யப்பட்ட ஒரு படம் பக்கத்தில் தோன்றினாலே போதும். கடையின் நான்கு கணினிகளுக்கும் அந்தத் திருத்தம் வந்து சேரவில்லை.

கவனித்தவை

முடிவெடுக்கும் முன் உலாவிகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். முதல் கணினியில் சேமிக்கப்பட்ட கடவுச்சொற்களின் பக்கத்தைத் திறந்தபோது, பட்டியல் திரையைத் தாண்டி நீண்டுகொண்டே போயிற்று. டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவு, பி.எஃப். கணக்கு, ரயில் டிக்கெட் தளம், மின்னஞ்சல் என ஒவ்வொரு தளத்தின் கீழும் பத்து, பதினைந்து பயனர் பெயர்கள். வேலையின் அவசரத்தில், கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்கும்போதெல்லாம் ஆம் என்று அழுத்தப்பட்டிருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. பட்டியலில் ஒரு பெயரை உரிமையாளர் விரலால் தொட்டுக் காட்டி, அவர் பக்கத்துத் தெரு ஆயா என்றும், இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது என்றும் சொன்னார்.

பதிவிறக்கக் கோப்புறையில் ஆதார் பி.டி.எஃப். கோப்புகளும், பான் அட்டைகளும், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தை ஸ்கேன் செய்த படங்களும் குவிந்திருந்தன. இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது என்பது ஊரறிந்த விஷயம். கோப்பின் பெயராகவே வாடிக்கையாளரின் பெயர் இருக்கும்போது, மீதி ஆண்டை மட்டும் ஊகித்தால் போதும்.

இதைப் பார்த்த பிறகு கேள்வியின் தன்மை மாறிவிட்டது. உலாவியைப் பழையதாகவே வைத்திருப்பது உரிமையாளர் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் ஆபத்து என்றுதான் அதுவரை பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் இழப்பு நேர்ந்தால் அது முதலில் விழுவது, அந்த உலாவியைத் தேர்ந்தெடுக்காத, அதன் பதிப்பு எண்ணை ஒருபோதும் பார்க்காத மக்கள் மீது. என் கருத்தில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். பின்னால் எடுத்த ஒவ்வொரு முடிவும் இதிலிருந்தே வந்தது.

உரிமையாளரின் தயக்கம்

"நல்லா ஓடிட்டிருக்கிறதை எதுக்கு சார் தொடணும்?" என்று அவர் கேட்டதை வெறும் பிடிவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2015 செப்டம்பரில் வந்த குரோம் 45, பழைய வகைச் செருகுநிரல்களுக்கான (உலாவிக்குள் இணைந்து இயங்கும் துணை மென்பொருள்களுக்கான) ஆதரவை முற்றிலும் நீக்கியது. அதனால் உலாவிக்குள் ஜாவா இயங்குவது நின்றது. அன்று டிஜிட்டல் கையொப்பம் இடும் பல தளங்கள் ஜாவாவை நம்பியே இருந்தன. உலாவி தானாகப் புதுப்பித்துக்கொண்ட ஒரு காலையில் இவருடைய கையொப்ப வேலைகள் அனைத்தும் நின்றுபோய், வாடிக்கையாளர்களைப் பாரிமுனைக்கு அனுப்பி வைக்க நேர்ந்திருக்கிறது. புதிய பதிப்பு வந்தால் இருக்கும் வேலை கெடும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை.

அத்துடன், அந்த வாரம் கடையில் கூட்டம் அதிகம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் செப்டம்பர் 15 அன்று தொடங்கியதால், 1,000 ரூபாய் வந்ததா என்று பார்க்கவும், வராதவர்கள் காரணமும் மேல்முறையீட்டு வழியும் கேட்கவும் பெண்கள் காலையிலிருந்தே வரிசையில் நின்றனர். அந்த நேரத்தில் கணினியைப் பிரித்துப் போடச் சொல்வது நியாயமாகாது.

பரிசீலித்த வழிகள்

பட்டையை மறைத்துவிட்டு அப்படியே தொடர்வது முதல் வழி. மேலே சொன்ன காரணத்தால் அதைக் கைவிட்டோம்.

மாணவர் இரண்டு யோசனைகள் சொன்னார். ஒன்று, தளங்களுக்கு உலாவி தெரிவிக்கும் பதிப்பு எண்ணை மாற்றிக் காட்டும் நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) நிறுவுவது. அது தளங்களின் எச்சரிக்கையை நிறுத்துமே தவிர, உள்ளே இருக்கும் ஓட்டையை அடைக்காது. மற்றொன்று, விண்டோஸ் 7-இலும் புதிய குரோம் ஓடும்படி யாரோ மாற்றியமைத்த பதிப்பை யூடியூப் காணொலி ஒன்றின் கீழே கொடுத்திருந்த இணைப்பிலிருந்து இறக்குவது. இத்தகைய முயற்சிகளில் நேர்மையானவையும் இருக்கலாம். ஆனால் பிறருடைய கடவுச்சொல்லைத் தட்டும் கணினியில், யார் தொகுத்தது என்று சரிபார்க்க முடியாத உலாவியை வைப்பதற்கு நான் உடன்படவில்லை.

விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் பற்றியும் பேசினோம். இணையமும் அச்சும் மட்டுமே நடக்கும் கடைக்கு அது மிகப் பொருத்தமான, செலவில்லாத வழி என்றே இன்றும் கருதுகிறேன். இங்கே அது ஒத்துவராததற்கு இரு காரணங்கள்: கைரேகைக் கருவிக்கு அவர்களிடம் இருந்த மென்பொருள் விண்டோஸுக்கானது, திரும்பத் திரும்ப டோனர் நிரப்பி ஓட்டிவரும் அந்தப் பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸில் நம்பகமான டிரைவர் கிடைக்கவில்லை.

எஞ்சியவை இரண்டு. விண்டோஸ் 7-ஐ அப்போதும் ஆதரித்துவந்த பயர்பாக்ஸ் 115-இன் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு மாறுவது. அல்லது இயங்குதளத்தையே மாற்றிப் புதிய குரோமுக்குப் போவது. பயர்பாக்ஸ் 115-க்குத் திருத்தங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன; வெப்பி ஓட்டைக்கான திருத்தமும் 115.2.1-இல் வந்துவிட்டிருந்தது. ஆனாலும் அதற்கு அடியில் இருப்பது திருத்தம் நின்றுபோன விண்டோஸ் 7 என்பதால், அதை நிரந்தரத் தீர்வாகக் கொள்ள முடியாது.

முடிவு

இரண்டையும் கட்டம் கட்டமாகச் செய்வதென்று தீர்மானித்தோம். அன்றைக்கே மூன்று கணினிகளில் பயர்பாக்ஸ் 115-ஐ நிறுவி, சேமிக்கப்பட்ட கடவுச்சொற்களை எல்லா உலாவிகளிலிருந்தும் அழித்து, சேமிக்கவா என்று கேட்பதையே நிறுத்தினோம். உலாவியை மூடும்போது வரலாறும் குக்கிகளும் (தளங்கள் உலாவியில் விட்டுச்செல்லும் உள்நுழைவுத் தகவல்கள் போன்றவை) அழியும்படி அமைத்தோம். பதிவிறக்கக் கோப்புறையைக் கடை மூடும்போது காலி செய்வது பணியாளரின் பொறுப்பாயிற்று. இதில் ஒரு ரூபாய் செலவில்லை. கூட்டம் குறையும்வரை காத்திருக்கவும் தேவைப்படவில்லை.

நான்காவது கணினியின் இணைய இணைப்பைக் கழற்றினோம். அதில் இருப்பவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டிய ஆயிரக்கணக்கான மனு மாதிரிகள். அவற்றுக்கு இணையம் தேவையில்லை.

இரண்டாம் கட்டமாக, கைரேகைக் கருவிக்கென எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்ட பழைய அலுவலகக் கணினி ஒன்றை வாங்குவது, மற்ற இரண்டில் எஸ்.எஸ்.டி.யும் (வேகமான சேமிப்பகம்) கூடுதல் நினைவகமும் போட்டு விண்டோஸ் 10-க்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. விண்டோஸ் 7-இலிருந்து இலவசமாக மாறும் சலுகை 2016 ஜூலை 29-இலேயே முடிந்திருந்தாலும், பழைய உரிமச் சாவி அதுவரை நடைமுறையில் ஏற்றுக்கொள்ளப்பட்டு வந்தது; அந்த வழியும் 2023 செப்டம்பரில் அடைக்கப்பட்டது. எனவே உரிமங்களையும் செலவுக் கணக்கில் சேர்த்தோம். விண்டோஸ் 10-இன் ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடியும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. புதிதாக வாங்குவது மட்டும் விண்டோஸ் 11-ஐத் தாங்க வேண்டும் என்று எட்டாம் தலைமுறையை வலியுறுத்தியதற்கு அதுவே காரணம்.

சோதனை

உரிமையாளரின் அச்சத்துக்குப் பதில் சொல்ல ஒரே வழி, அவருடைய வேலைகளை அவர் கண்முன் புதிய உலாவியில் செய்து காட்டுவதுதான். பணியாளர் ஒரு நீள நோட்டில், கடையில் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் அது வர வர எழுதிவைத்தார்: எந்தத் தளம், எந்தப் பக்கம், கடைசியில் வாடிக்கையாளர் கையில் எந்தத் தாள் போக வேண்டும். கடைசிப் பகுதிதான் முக்கியமாயிற்று. தளம் திறக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் எல்லாமே சரி என்று முடித்திருப்போம். ஒப்புகைச் சீட்டு அச்சாகி வெளிவரும்வரை பார்த்ததால்தான், அது தனிச் சாளரமாகத் திறக்கும் சில தளங்களில் உலாவி அதைத் தடுப்பது தெரிந்தது. அந்தத் தளங்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தோம்.

கைரேகைக் கருவியில் அதிக நேரம் போயிற்று. கருவியின் மென்பொருள் அதே கணினிக்குள் 127.0.0.1 என்ற முகவரியில், 11100 முதல் 11120 வரை எண்ணிட்ட போர்ட்டுகளில் (மென்பொருள்கள் ஒன்றையொன்று தொடர்புகொள்ளும் வாயில்கள்) ஏதேனும் ஒன்றில் காத்திருக்கும். பணம் எடுக்கும் தளத்தின் பக்கம் உலாவி வழியாக அந்தப் போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் கருவியைக் கண்டுபிடிக்கும். பழைய கணினியில் இதெல்லாம் எப்போதோ அமைக்கப்பட்டு மறக்கப்பட்டிருந்தது. புதியதில் கருவியின் விளக்கு எரிந்தபோதும் கருவி இல்லை என்றே பக்கம் சொன்னது. உலாவி காரணமன்று, கணினி தொடங்கும்போது அந்த மென்பொருள் தானாகத் தொடங்கும்படி அமைக்கப்படவில்லை. அதைச் சரிசெய்ததும் உரிமையாளர் தம் விரலை வைத்துத் தம் கணக்கிலிருந்தே 100 ரூபாய் எடுத்துப் பார்த்தார். அதன் பிறகு அவரிடம் எதிர்ப்பு இல்லை.

பின்விளைவுகள்

புதிய கணினி நவம்பரில் வேலைக்கு வந்தது. மற்ற இரண்டையும் டிசம்பரில் மாற்றுவதாக இருந்தோம். மிக்ஜாம் புயல் மழையில் தெருவோடு கடைக்குள்ளும் தண்ணீர் வந்ததால், அது ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. கணினிகள் மேசை மேல் இருந்ததால் தப்பின; யு.பி.எஸ். ஒன்று போயிற்று.

மாற்றத்துக்குப் பின் வந்த முதல் புகார் எதிர்பாராதது. "சார், பூட்டு காணோம், எந்த சைட்லயும் இல்ல" என்று பணியாளர் பதற்றத்துடன் தொலைபேசியில் சொன்னார். முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும் என்று பல ஆண்டுகளுக்கு முன் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவரும் அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. குரோம் 117-இல் அந்தப் பூட்டுக்குப் பதிலாக, இழுவைப் பொத்தான்கள் போன்ற ஒரு சின்னம் வைக்கப்பட்டது. இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதை (இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருப்பதை) மட்டுமே பூட்டு காட்டும். மோசடித் தளங்களும் அதை எளிதில் பெற்றுவிடுவதால், பூட்டைக் கண்டு தளத்தையே நம்புவது தவறான பாதுகாப்புணர்வைத் தருகிறது என்பதுதான் மாற்றத்துக்கான காரணம். இதை விளக்கி, முகவரியில் தளத்தின் பெயரை, குறிப்பாக முதல் சாய்கோட்டுக்கு முன்னுள்ள அதன் கடைசிப் பகுதியை, எழுத்தெழுத்தாகப் படிக்கும் பழக்கத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதன் பின், மின்கட்டணத் தளம் போலத் தோற்றமளித்த ஒரு விளம்பர இணைப்பை அவரே முகவரியைப் பார்த்து அடையாளம் கண்டு மூடினார்.

இறக்கிய கோப்பு திரையின் அடியில் தோன்றுவது நின்று, மேலே வலப்பக்கத்துக்குப் போயிருந்ததும் சில நாட்கள் குழப்பியது. கோப்பு வரவில்லை என்று நினைத்து ஒரே ஹால் டிக்கெட்டைத் திரும்பத் திரும்ப இறக்கியிருக்கிறார்கள்.

கடவுச்சொல் சேமிக்கப்படாததால் வேலை மெதுவாகும் என்ற கவலை ஓரளவு உண்மையாயிற்று. சீட்டைத் தொலைத்துவிட்டு, "உங்க கம்ப்யூட்டர்லதான் இருக்குமே, பாரும்மா" என்று கேட்ட வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்களுக்குக் கடவுச்சொல்லை மீட்டெடுத்துக் கொடுக்கக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அதற்கு உரிமையாளர் கட்டணம் வாங்குவதில்லை. மொத்த வேகம் கூடியிருக்கிறது. புதிய உலாவியால் என்று உரிமையாளர் சொல்கிறார். உண்மையில் அது எஸ்.எஸ்.டி.யின் பயன்.

அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை

வேலைகளின் பட்டியல் கையில் இருந்திருந்தால் சோதனை இன்னும் விரைவாக முடிந்திருக்கும். அந்த நோட்டை இப்போது நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள். புதிய தளம் ஒன்றில் வேலை வந்தால் ஒரு வரி கூடும்.

தோற்ற மாற்றங்களைப் பணியாளருக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும். கருவிகள் ஓடுகின்றனவா என்று பார்ப்பதோடு, அவற்றின் முன் உட்காருபவர் எந்த அடையாளங்களை நம்பி வேலை செய்கிறார் என்பதையும் மாற்றத்துக்கு முன்பே கேட்டறிவது அவசியம். பூட்டைப் போன்ற ஓர் அடையாளம் சொல்லாமல் மறைந்தால், பொறுப்புள்ள பணியாளர்தான் முதலில் தடுமாறுவார்.

மூன்றாவது, தானியங்கிப் புதுப்பிப்பு. விண்டோஸ் 10-இல் கடை திறந்திருக்கும் நேரத்தை இயங்கு நேரமாகக் குறிக்கத் தவறினால், கூட்டத்தின் நடுவே கணினி மறுதொடக்கம் கேட்கும். உலாவியின் புதுப்பிப்பை நிறுத்தி வைப்பதை நான் எந்நிலையிலும் பரிந்துரைப்பதில்லை. கடை மூடும்போது உலாவியை முழுமையாக மூடிவிட்டால், இறங்கிக் காத்திருக்கும் திருத்தம் அடுத்த முறை திறக்கும்போது அமலாகிவிடும்.

அடுத்த முடிவு

2025 அக்டோபர் 14 என்ற தேதி கடையின் நாட்காட்டியில் முன்பே குறிக்கப்பட்டிருந்ததால், இம்முறை எச்சரிக்கைப் பட்டைக்குக் காத்திருக்கவில்லை. எட்டாம் தலைமுறைக் கணினி அவ்வாண்டின் கோடையிலேயே விண்டோஸ் 11-க்கு மாறியது. கைரேகைக் கருவி, நோட்டில் இருந்த வரிசைப்படி முதலில் சோதிக்கப்பட்டது. மற்ற இரண்டும் விண்டோஸ் 11 கேட்கும் செயலித் தகுதியும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இல்லாதவை. அவற்றில் ஒன்றுக்குப் பதிலாக வேறொரு கணினி வாங்கப்பட்டது. மற்றொன்று, எஸ்.எஸ்.டி. நல்ல நிலையில் இருந்ததால், இணையத்திலிருந்து விலக்கப்பட்டு, உயிர்விடும் நிலையில் இருந்த நான்காவது கணினியின் மனு மாதிரிகளைப் பெற்றுக்கொண்டு தமிழ் தட்டச்சுக்கு வந்திருக்கிறது.